முன்னால் ஒரு பல்சக்கரம் போதும்

"சார், முன்னாடி ஒண்ணா, ரெண்டா? இன்னிக்குச் சொல்லியே ஆகணும்."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பல்செட்டார் தன் கையிலிருந்த கீழ்வரிசையைப் பார்த்தார். யாரோ ஒரு பெரியவருடைய கீழ்வரிசை. ரோஸ் மெழுகில் பன்னிரண்டு பல் நட்டாயிற்று, இன்னும் இரண்டு பாக்கி.

"எது ஒண்ணா ரெண்டா?"

"சைக்கிள் சார்! பெடல்கிட்ட இருக்கற பல்சக்கரம். ஒத்தையா, ரெட்டையா? கம்பெனிக்கு லிஸ்ட் அனுப்பணும்."

"நாளைக்குச் சொல்றேனே."

"இதையேதான் போன வாரமும் சொன்னீங்க."

"போன வாரம் சொன்னது போன வாரத்து நாளைக்கு. இது வேற."

சைக்கிள் கடைக்காரர் விட்ட பெருமூச்சில் போனே கொஞ்சம் சூடானது.

பல்செட்டாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் முப்பது வருடமாக ஒரே அறையில் உட்கார்ந்து, டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல்செட் செய்துகொண்டிருந்தால், பெயர் தானாகத் தேய்ந்துபோய்த் தொழில் மட்டும்தான் மிஞ்சும். அந்த வட்டாரத்தில் வயதானவர்கள் யார் வாய்விட்டுச் சிரித்தாலும் அதில் பாதி இவர் செய்த சிரிப்பு. அவ்வளவு பேருக்குக் கடிக்கக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு, ஒன்றா இரண்டா என்று கேட்டால் மட்டும் வாயில் வார்த்தை வரவில்லை.

காரணம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

அவருடைய பழைய சைக்கிளின் சட்டத்தில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. பட்டறையிலிருந்து பல் ஒட்டும் பசையை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பியபோது மனைவி வழிமறித்தார். "கீழ விழுந்து உங்க சொந்தப் பல்லு போச்சுன்னா, உங்களுக்கு யாரு செஞ்சு குடுப்பா? புதுசு வாங்குங்க." கடைக்காரர் விரிசலைச் சுற்றி ஒரு உலோகப் பட்டையை இறுக்கி, "ஒரு மாசம் தாங்கும், அதுக்கு மேல என் தலையை உருட்டாதீங்க" என்று சொல்லிவிட்டார். அதில் இரண்டு வாரம் ஓடிவிட்டது.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவரும் சைக்கிள் ஓட்டுவார். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதிலிருந்து, ஆறு வருடமாக, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இருவரும் சேர்ந்து கிளம்புவார்கள். ஆற்றுப் பாலம் தாண்டி, மரக்கடைகள் தாண்டி, கடைசியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டில் ஏறி, தொட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பிளாஸ்க்கில் கொண்டுபோன டீயைக் குடிப்பார்கள். மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் பேச்சு என்பது "சாவி எங்க?", "கேஸ் அணைச்சாச்சா?" என்ற அளவோடு சரி. தொட்டிச் சுவரில்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். மகளைப் பற்றி, ஹெட்மாஸ்டரைப் பற்றி, பல் டாக்டர்களின் கையெழுத்தைப் பற்றி. பல்செட்டாருக்கு வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான் வாரம். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் வைத்த மெழுகு.

மேட்டில் ஏறும்போது அவர்தான் எப்போதும் முன்னால். டீச்சர் பத்தடி பின்னால். பின்னாலிருந்து "ஸ்ஸ்... ஸ்ஸ்..." என்று மூச்சு இரைக்கும் சத்தம் கேட்கும். பாவம், சமதரையில்கூட அவளுக்கு அப்படித்தான் இரைக்கும் என்று பல்செட்டார் மனம் கசிவார். "வந்துட்டோம், வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தான்!" என்று திரும்பிப் பார்த்துக் குரல் கொடுப்பார். "நீங்க போங்க, நான் வரேன்" என்பார் டீச்சர். இப்படி ஒருவர் இரைக்க ஒருவர் தேற்ற, ஆறு வருடம் ஒன்றாகவே மேலே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது புதுச் சைக்கிள். இறகு மாதிரி எடை, மெல்லிய டயர். அதில் முன்னால் பெரிய பல்சக்கரமும் போட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒரு மிதிக்கு ஒரு தெருவே பின்னால் போய்விடும். டீச்சர் எங்கோ பின்னால் ஸ்ஸ் ஸ்ஸ் என்று வருவார். இரண்டு ஞாயிறு வருவார், மூன்றாவது ஞாயிறு, "தலைவலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்பார். அப்புறம் தொட்டிச் சுவரில் அவர் மட்டும் உட்கார்ந்து, பிளாஸ்க்கோடு பேச வேண்டியதுதான். 

ஆகவே அவருக்கு வேண்டியது வேகமாகப் போகாத ஒரு ரோடு சைக்கிள். உலகத்தில் எந்தக் கடைக்காரரிடமும் வாய்திறந்து கேட்க முடியாத பொருள்.

அன்று மாலை வீட்டில் பஞ்சாயத்து கூடியது. டீச்சரின் தம்பி வந்திருந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஏறுவது, இறங்குவது சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் தன் வார்த்தைதான் கடைசி வார்த்தை என்று நினைப்பவர்.

"ரெண்டு சக்கரம்தான் அத்தான்" என்றார் மைத்துனர், சோபாவில் சம்மணமிட்டு. "மேல போக சின்னது ஒண்ணு, கீழ வர பெருசு ஒண்ணு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணு போதும்னு தோணுது" என்றார் பல்செட்டார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"ஏன்?"

"சிம்பிளா இருக்கும்."

"மொட்டை அடிச்சாக்கூட சிம்பிளாத்தான் இருக்கும். அதுக்காக எல்லாரும் அடிச்சுக்கறோமா?"

"எடை குறையும். செயின் நழுவாது. இடது கைக்குக் கியர் மாத்தற வேலை மிச்சம்."

"இடது கையால வேற என்ன செய்யப் போறீங்க?"

 டீச்சர் மேஜையில் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவை நிறுத்தாமலே கேட்டார்: "எத்தனை பல்லுல கிடைக்குமாம்?"

"ரெட்டைன்னா ஐம்பதும் முப்பத்து நாலும். ஒத்தைன்னா நாப்பத்து நாலு, நாப்பது, முப்பத்தெட்டுன்னு கீழ போகுது."

"அப்ப ஐம்பது இருக்கறதையே வாங்குங்க" என்றார் டீச்சர். "ஒரு சுத்துக்கு நிறைய தூரம் போகும். நல்லா வேகமாப் போங்க. என்னை நினைச்சுக் கவலைப்படாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தை பல்செட்டாரின் நெஞ்சில் நேராகப் போய்த் தைத்தது. என்ன மனசு! தான் பின்தங்கினாலும் பரவாயில்லை, புருஷன் பறக்கட்டும் என்கிறாள். இப்படிப்பட்டவளை மேட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகிறவன் மனுஷனா?

மறுநாள் காலையில் கடைக்குப் போன் போட்டார். "முன்னாடி ஒண்ணு போதும். நாப்பது பல்லு."

"நிச்சயமா?"

"நிச்சயம்."

அந்த நிச்சயம் மத்தியானம் வரைக்கும் இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒரு சந்தேகம் வந்தது. நாற்பது போதுமான அளவுக்கு மெதுவா? டீச்சர் மேட்டில் எந்தப் பல்லில் ஏறுகிறார் என்று தெரிந்தால்தானே, அதற்குச் சரியாகத் தன் சக்கரத்தை அமைக்க முடியும்? மேல்வரிசையைப் பார்க்காமல் கீழ்வரிசை செய்கிறவன் மடையன் என்று தொழில் சொல்லிக்கொடுத்தவரே சொல்லியிருக்கிறார்.

டீச்சரிடம் கேட்கலாம். ஆனால் "உங்களுக்கு ஏன் தெரியணும்?" என்று அவர் திருப்பிக் கேட்டால், முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது?

சனிக்கிழமை காலை, டீச்சர் குளிக்கப் போன நேரம் பார்த்து, வாசல் நடையில் நின்றிருந்த அவருடைய சைக்கிளின் முன்னால் பல்செட்டார் மண்டி போட்டு உட்கார்ந்தார். பின்சக்கரத்துப் பல்லடுக்கில் ஆகப் பெரிய தட்டைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். இருபத்தேழு. சரிபார்க்க மறுபடி எண்ணினார். இருபத்தொன்பது. மூன்றாவது தடவை, இருபத்தாறு. வாய்க்குள் இருக்கும் வரிசைக்காவது ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. இது ஊர்வம்பு மாதிரி எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு எண்ணியிருப்பார்கள். கணக்கு டீச்சர் வீட்டில் சாக்பீஸுக்கா பஞ்சம்? ஆனால் முப்பது வருடமாகப் பழகிய கை தனக்குத் தெரிந்த வழியில்தான் போகும். பல் என்றால் அச்சு எடுக்க வேண்டும், அச்சை மேஜையில் வைத்துக்கொண்டு நிதானமாக எண்ண வேண்டும். பல்செட்டார் பையிலிருந்து அச்சு எடுக்கும் ரோஸ் மாவை எடுத்தார், ரப்பர் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்தார், பல்லடுக்கின் மேல் தாராளமாக அப்பினார்.

மனித வாயில் அந்த மாவு இரண்டு நிமிடத்தில் இறுகும், ஒரு இழுப்பில் கழன்று வரும். சைக்கிளுக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை. ஒன்பது தட்டுகளுக்கு நடுவிலும் புகுந்து, செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் நுழைந்து, உள்ளேயே குடித்தனம் வைத்துக்கொண்டு இறுகிவிட்டது. பல்செட்டார் இழுத்தார். மாவு வரவில்லை, சைக்கிள் வந்தது.

"என்னங்க இது?"

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீச்சர் பின்னால் நின்றிருந்தார்.

"சும்மா, தொடைச்சு விடலாம்னு."

"ரோஸ் கலர்லயா?"

"புது மாதிரி சோப்பு."

டீச்சர் குனிந்து ஒரு விரலால் அதைக் குத்திப் பார்த்தார். "சோப்பு ரப்பர் மாதிரி இருக்கே."

"அழுக்கை உள்ளேர்ந்து இழுக்கும்."

பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதியவனைப் பார்க்கிற பார்வை ஒன்று டீச்சரிடம் உண்டு. அந்தப் பார்வை பல்செட்டாரின் மேல் அரை நிமிடம் இருந்தது.

"எதுவா இருந்தாலும் சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணி வச்சுடுங்க" என்றார் டீச்சர். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வண்டி இல்லாம நான் எப்படி வர்றது?"

அந்தச் சனிக்கிழமையைப் பல்செட்டார் லேசில் மறக்கமாட்டார். சக்கரம் வெளியே வந்தால்தான் மாவு வரும். சக்கரம் வெளியே வர வேண்டுமென்றால் பிரேக்கைத் தளர்த்த வேண்டும். செயினை அவிழ்க்க வேண்டும். பட்டறையிலிருந்து கொக்கி ஊசிகள், சின்னக் கரண்டிகள், பதினொரு பழைய டூத்பிரஷ்கள் எல்லாம் வந்தன. தட்டு தட்டாகச் சுரண்டினார், கண்ணி கண்ணியாகத் தேய்த்தார். தெருவில் போனவர்கள் ஒரு மனிதர் சைக்கிளுக்குப் பல் தேய்த்துவிடுவதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி நடந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் நின்று, "கொப்புளிக்கத் தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

நாலு மணிக்கு எல்லாவற்றையும் மறுபடி பூட்டினார். எதையும் அரைகுறையாக விடுவது அவருக்குப் பிடிக்காது. சக்கரம் நேராக நிற்கிறதா, செயின் தொய்யாமல் இருக்கிறதா, பிரேக் கட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளி நிற்கின்றனவா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஏற்றிப் பார்த்தார். எண்ணெய் விட்டார். சட்டத்தைத் துடைத்தார். எத்தனை பல் என்று எண்ண மட்டும் மறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினார்கள்.

பாலம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பாலத்தைத் தாண்டியதும் டீச்சர் பின்னாலிருந்து, "ஒரு நிமிஷம்!" என்றார். ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டதாம். கட்டினார். நூறு அடி போனதும், "ஒரு நிமிஷம்!" இன்னொரு ஷூ. மரக்கடை வாசலில் இறங்கி, அங்கே அடுக்கியிருந்த பலகைகளை ஏதோ மகள் கல்யாணத்துக்கு வீடு கட்டுகிறவர் போலப் பார்த்தார். அப்புறம் தண்ணீர் குடித்தார். அப்புறம் யாரோ கட்டிப்போட்டிருந்த நாயிடம் நலம் விசாரித்தார். நாய்க்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

பல்செட்டார் ஒவ்வொரு தடவையும் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, காத்திருந்தார். காத்திருக்கக் காத்திருக்க அவர் முகம் வெளுத்தது. ஆறு வருடத்தில் டீச்சர் வழியில் இறங்கியதே இல்லை.

மேட்டில் நிலைமை இன்னும் மோசம். நாலு தடவை நின்றார். அதைவிடப் பயங்கரம், பின்னாலிருந்து அந்த "ஸ்ஸ்... ஸ்ஸ்..." சத்தமே கேட்கவில்லை. பல்செட்டார் திரும்பிப் பார்த்தார். டீச்சரின் முகத்தில் வியர்வைகூட இல்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி, மிகுந்த கவனத்தோடு மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்குவதை மறைக்கிறாள், என்று பல்செட்டாருக்கு விளங்கியது. மூச்சையே அடக்கிக்கொண்டு ஏறுகிறாள். எனக்குத் தெரியக் கூடாதென்று.

தொட்டிச் சுவரில் டீயை ஊற்றி டீச்சரிடம் நீட்டினார்.

"உடம்பு ஏதாவது பண்ணுதாம்மா?"

"எனக்கா? ஒண்ணும் இல்லையே. ஏன்?"

"நிறைய தடவை நின்னே."

டீச்சர் டீயை ஊதினார். தேவைக்கு மேலேயே ஊதினார். "சும்மாதான். வேடிக்கை பாத்துட்டு வரலாமேன்னு."

ஆறு வருடமாகப் பார்க்காத என்ன வேடிக்கை? அந்த அரை மணி நேரத்தில் டீச்சர் ஹெட்மாஸ்டரைப் பற்றி ஒரு நல்ல கதை சொன்னார். பல்செட்டாரின் காதில் ஒரு வார்த்தை ஏறவில்லை. சுவரில் தன் பக்கத்தில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாக்பீஸ் பொடியில் வறண்ட, மோதிர விரலில் சிவப்பு மை பட்ட கை. இந்தக் கை பக்கத்தில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒன்று வந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்.

"எங்க போயிருந்தே?"

"ஒரு சின்ன வேலை" என்று சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போய்விட்டார்.

கணக்கு டீச்சர். விடையை எழுதினால் வழிமுறையையும் எழுதியாக வேண்டும் என்று ஊரெல்லாம் மிரட்டுகிறவர். அவர் வழிமுறை இல்லாமல் விடை சொன்னால் அது டாக்டர் விஷயம் தவிர வேறென்ன? மறுநாள் பட்டறையில் பல்செட்டார் இரண்டு பெரியவர்களின் பற்களை இடம் மாற்றி நட்டார்.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போன் போட்டார். "நாப்பது வேண்டாம். முப்பத்தாறு போடுங்க."

"சார், ரோடு சைக்கிள் சார் அது!"

"தெரியும்."

"இறக்கத்துல கால் சும்மா காத்துல சுத்தும்."

"சுத்தட்டும். நல்ல காத்துதானே."

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. மைத்துனரைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, முப்பத்தாறைப் பற்றிச் சொன்னார். காரணத்தைச் சொல்லவில்லை. மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அத்தான், அது சைக்கிளே இல்ல. மாவு மிஷின். நின்ன இடத்துலயே சுத்தும்."

"உனக்குப் புரியாதுப்பா."

"லிஃப்ட் எப்படி ஏறுதுன்னு தெரிஞ்சவனுக்குச் சைக்கிள் எப்படி ஏறும்னு தெரியாதா?"

லிஃப்ட்காரரின் வாயில் ரகசியம் எத்தனை நேரம் தங்கும்? பட்டனைத் தொட்டதும் கதவு திறப்பதுதானே அந்தத் தொழிலின் லட்சணம். புதன்கிழமை சாயங்காலமே டீச்சர் திருத்திக்கொண்டிருந்த தாளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"முப்பத்தாறா?"

பல்செட்டார் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்தினார். "என்ன முப்பத்தாறு?"

"மறைக்காதீங்க. தம்பி சொல்லிட்டான். முப்பத்தாறு பல்லு ஒத்தைச் சக்கரம் சொல்லியிருக்கீங்களாமே." டீச்சர் அந்தப் பேப்பரைக் கீழே இறக்கினார். "இப்ப இருக்கற வண்டியில பெருசு ஐம்பது. அதுலேயே நாம இவ்வளவு..." என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். "வேண்டாங்க. பெருசா வாங்குங்க."

"எனக்கு இது போதும்மா. வயசாகுது."

"உங்களுக்கு ஒண்ணும் வயசாகலை!" டீச்சரின் குரல் உடைந்தது. "நீங்க வேகமாப் போவீங்க, போக முடியும். ஐம்பது வாங்குங்க, ஐம்பத்திரண்டு கிடைச்சாலும் வாங்குங்க. எனக்காக வாங்குங்க. இத்தனை வருஷத்துல நான் உங்ககிட்ட எதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அதுதான் பல்செட்டாரை அடியோடு சாய்த்தது. வாழ்நாளில் ஒன்றுமே கேட்காதவள், இன்று தன்னை விட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கேட்கிறாள். டாக்டர் என்ன சொன்னாரோ? தன்னால் இனிமேல் கூட வர முடியாது என்று தெரிந்துபோய், புருஷனாவது நன்றாக ஓட்டட்டும் என்று நினைக்கிறாள்.

"சரிம்மா" என்றார். "பெருசே சொல்லிடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல்செட்டாருக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் மனைவியிடம் அவர் சொன்ன பொய்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். சோப்பு ஒன்று. இது இரண்டு.

வியாழக்கிழமை பட்டறைக்குப் பாதி நாள் லீவு போட்டுவிட்டு, அவரே நேரில் சைக்கிள் கடைக்கு நடந்தார். போனில் சொன்னால் சரிப்படாது. போகும் வழியெல்லாம் ஒரே கணக்கு. முப்பத்தாறும் வேண்டாம். இருப்பதிலேயே ஆகச் சின்னது எதுவோ அது. டீச்சர் எவ்வளவு மெதுவாக ஏறினாலும், நடந்தே ஏறினாலும், பக்கத்திலேயே விழாமல் உருட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு சக்கரம். ஊர் சிரிக்கட்டும், மைத்துனர் சிரிக்கட்டும், எதிர்வீட்டு அம்மாள் தண்ணீரோடு வரட்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் இருந்தால் போதும்.

கடையில் கடைக்காரர் இல்லை. காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிட்டாராம். அவருடைய தங்கை கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸும், காதில் ஒரு ஸ்பேனரும். அண்ணனுக்குச் சமமாக வேலை தெரிந்தவர், அண்ணனைவிடப் பொறுமை அதிகம்.

"நீங்கதானா சார் அந்த நாப்பது, முப்பத்தாறு? அண்ணனுக்குக் காய்ச்சல் வந்ததே உங்க போனாலதான்னு வீட்ல பேசிக்கறோம்."

"மன்னிக்கணும்மா. இது கடைசி. ஒத்தைச் சக்கரம்தான், அதுல மாத்தம் இல்லை. ஆனா இருக்கறதுலயே ரொம்பச் சின்னது எது?"

"முப்பது இருக்கு சார். ஆனா அது மலையில, காட்டுல ஓட்டற வண்டிக்குப் போடறது."

"அதைப் போட்டா வண்டி எவ்வளவு மெதுவாப் போகும்?"

அவர் காதிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். அந்தக் கடையின் சரித்திரத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. "எல்லாரும் எவ்வளவு வேகமாப் போகும்னுதான் சார் கேப்பாங்க."

பல்செட்டாருக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மேடு, தொட்டிச் சுவர், டீ, மூச்சிரைப்பு. ஆறு வருடமாகத் தான் எப்படி மெல்ல மெல்ல மிதித்து அவளுக்காகக் காத்திருந்து ஏறுகிறேன் என்பது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஒன்பது இடத்தில் நின்றது. "அவளுக்கு என்னை விட்டா யாரும்மா? நான் முன்னாடி ஓடிட்டா அவ வர்றதையே நிறுத்திடுவா. எனக்கு வேகம் வேண்டாம். அவ கூடவே போகணும், அவ்வளவுதான். அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்."

கடைக்காரரின் தங்கை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கிரீஸ் கையோடு கண்ணைத் துடைக்கப் போய், மூக்கில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. பிறகு திரும்பி, வண்டிகளின் வேலைக் குறிப்பு அட்டைகள் அடுக்கியிருந்த பெட்டியை இழுத்து, அவருடைய அட்டையை எடுத்து, 'முன்னால் ஒன்று, முப்பது பல்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அதே வீட்டு முகவரியோடு அதற்குப் பின்னாலேயே செருகியிருந்த இன்னொரு அட்டையைப் பார்த்து அவர் கை கொஞ்சம் நின்றது. அட்டையைப் படித்தார். பல்செட்டாரைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"சார், அப்ப எனக்கு ஒரே ஒரு சந்தேகம்" என்றார். "உங்க கூடவே பின்னாடி வரணும்னு டீச்சரம்மா ஆறு வருஷமா அவங்க வண்டியில பின் பிரேக்கைச் சக்கரத்துல ஸ்ஸ் ஸ்ஸுன்னு உரசற மாதிரியே இறுக்கி வாங்கிட்டுப் போறாங்க, யாரோ தளத்திவிட்டுட்டாங்கன்னு இந்தத் திங்கக்கிழமைகூடப் பதறிப்போய் ஓடி வந்தாங்க, நீங்க இனிமே இதைவிட மெதுவாப் போகப் போறீங்கன்னா, முன் பிரேக்கையும் சேத்து இறுக்கிடட்டுமா?"